கையெழுத்துப் போடுமுன்



"பல்கலைக்கழகங்களில் எழுத்துத் திருட்டு பெருகப் பெரிதும் காரணம் மாணவர்களின் குறுக்குவழி ஆசையா, ஆசிரியர்களின் கவனக்குறைவா?" இதுதான் தலைப்பு. எதிரணித் தம்பி போகிற போக்கிலே ஒரு கல்லை விட்டெறிஞ்சிட்டுப் போனார். "முப்பத்தோரு வருஷம் கல்லூரியிலே பொருளாதாரம் நடத்தின அம்மா, ஆசிரியர்தான் காரணம்னு எந்த வாயாலே பேசப் போறாங்க?"ன்னு கேட்டார். தம்பி, இதே வாயாலதான்! (சிரிப்பு) நான் யாரோ ஊரார் தப்பைச் சொல்ல இங்கே வரலை. என் தப்பைச் சொல்ல வந்திருக்கேன்.

திருடினவன் திருடன்தானே, பீரோவைத் திறந்து வெச்சவன் மேலே பழி போடலாமான்னு எதிரணியிலே கேக்கறாங்க. நியாயமான கேள்வி. ஆனா ஐயா, நம்ம வீட்டுப் பிள்ளையை ஒண்ணாம் வகுப்பிலேர்ந்து எப்படி வளர்த்தோம்? "புத்தகத்திலே இருக்கிற மாதிரியே எழுது, ஒரு வார்த்தை மாறினா மார்க் போயிடும்"னு பன்னிரண்டு வருஷம் சொன்னோம். அவனும் கமா, புள்ளி மாறாம எழுதினான். தட்டிக் கொடுத்தோம். சாக்லேட் வாங்கிக் கொடுத்தோம். அப்புறம் ஒரு நாள் பல்கலைக்கழக வாசல்லே நிறுத்தி, "புத்தகத்திலே இருக்கிற மாதிரியே எழுதினா திருட்டு"ங்கறோம்! நேத்து வரைக்கும் நல்ல பிள்ளை, இன்னிக்குக் காலையிலே திருடன். நடுவிலே அவனுக்கு யாராவது ஒரு மணி நேரம் வகுப்பு எடுத்தோமா? (கைதட்டல்)

என் வகுப்பிலே ஒரு தடவை கட்டுரை எழுதச் சொன்னேன். நாலு பேர் ஒரே கட்டுரை. நாலுலேயும் "கீழே உள்ள படத்தில் காண்க"ன்னு எழுதியிருக்கு. கீழே படமே இல்லை! (சிரிப்பு) கூப்பிட்டுக் கேட்டேன், "எங்கேடா படம்?" ஒருத்தன் சொல்றான், "மேடம், அவன் வரையலை, அதனாலே நானும் வரையலை." (பலத்த சிரிப்பு) அவனுக்கு அது தப்புன்னே தெரியலை ஐயா. நானும் சிரிச்சிட்டு அஞ்சு மார்க் குறைச்சேன். அவ்வளவுதான். ஏன் தப்புன்னு உட்கார வெச்சுச் சொல்லலை.

சரி, எது திருட்டு? தாய்மார்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன். பக்கத்து வீட்டிலே ஒரு கிண்ணம் சாம்பார் வாங்கறோம். அப்படியே பரிமாறி, "நான் வெச்சது"ன்னா திருட்டு. அது எல்லாருக்கும் தெரியும். அதுக்கு மேலே கொஞ்சம் கொத்தமல்லியைக் கிள்ளிப் போட்டு, இன்னொரு தடவை தாளிச்சுக் கொட்டி, "நான் வெச்சது"ன்னா? (சிரிப்பு) இங்கேதான் நம்ம பிள்ளைங்க தடுமாறுறாங்க. "மேடம், வார்த்தையெல்லாம் மாத்திட்டேனே"ம்பாங்க. வார்த்தை உன்னுது. பருப்பு, புளி, பக்குவம்? அதெல்லாம் அவங்களுது. இங்கிலீஷ் புத்தகத்தைத் தமிழ்லே மாத்தி எழுதி, எங்கேர்ந்து எடுத்தேன்னு சொல்லாம விட்டாலும் அதே கதைதான்.

"இது அந்த வீட்டு அக்கா வெச்ச சாம்பார்"னு சொல்லிப் பரிமாறினா? விருந்தே இன்னும் ருசிக்கும். அது திருட்டில்லே, மரியாதை.

இதை வெள்ளைக்காரன் வந்துதான் நமக்குச் சொல்லணுமா? தொல்காப்பியர் நூல் முழுக்க "என்ப", "என்மனார்"னு போட்டுக்கிட்டே போறார். முன்னாலே இருந்தவங்க இப்படிச் சொல்லுவாங்கன்னு அர்த்தம். நூல் எழுதறதுக்கு முப்பத்திரண்டு உத்தி சொல்றாரே, அதிலே ஒண்ணு "பிறன்கோட் கூறல்". அடுத்தவன் கருத்தை, அடுத்தவன் கருத்துன்னே சொல்றது! உ.வே.சாமிநாதையர் ஊர் ஊரா அலைஞ்சு ஏடு தேடினார். 1887-லே சீவக சிந்தாமணியை அச்சிலே கொண்டுவந்தார். அவர் பதிப்பு முகவுரைகளைப் பாருங்க. எந்த ஊர்லே, யார் வீட்டிலேர்ந்து ஏடு கிடைச்சதுன்னு பேர் பேரா எழுதி வெச்சிருப்பார். "நானே கண்டெடுத்தேன்"னு போட்டிருந்தா யார் கேக்கப் போறாங்க? கேக்க ஆள் இல்லாத இடத்திலேயும் எழுதினார் பாருங்க.

இப்ப நம்ம காலத்து ஆய்வேடு எடுத்துக்குங்க. சில ஆய்வேடுகள்லே ஆய்வாளர் சொந்தமா எழுதின பகுதி ஒண்ணே ஒண்ணுதான். நன்றியுரை! (சிரிப்பு) வேடிக்கை என்னன்னா, பல்கலைக்கழக மானியக்குழு 2018-லே எழுத்துத் திருட்டைத் தடுக்க விதிமுறை கொண்டுவந்தது. கம்ப்யூட்டர்லே ஒற்றுமை பார்க்கும்போது எதையெல்லாம் கணக்கிலே சேர்க்க வேண்டாம்னு அதிலே சொல்லியிருக்கு. அந்தப் பட்டியல்லே நன்றியுரையும் உண்டு. அவன் சொந்தமா எழுதின அந்த ஒரு பக்கத்தையும் பார்க்க மாட்டோம்! (பலத்த சிரிப்பு)

எதிரணிச் சகோதரி, "வெளிநாட்டிலே இப்படி நடக்குமா? அங்கே மாணவனுக்குப் பயம் இருக்கு"ன்னாங்க. ஜெர்மனிக்குப் போவோம். அங்கே பாதுகாப்பு அமைச்சரா இருந்தவர் குட்டன்பெர்க். பைராய்ட் பல்கலைக்கழகத்திலே 2007-லே சட்டத்திலே டாக்டர் பட்டம் வாங்கினவர். 2011 பிப்ரவரியிலே ஒரு சட்டப் பேராசிரியர் அந்த ஆய்வேட்டுக்கு மதிப்புரை எழுதலாம்னு உட்கார்ந்தார். படிக்கப் படிக்க, எங்கேயோ படிச்ச வரியா வருது. விஷயம் பத்திரிகைக்குப் போச்சு. முகம் தெரியாத நூத்துக்கணக்கான பேர் ஆளுக்குக் கொஞ்சம் பக்கத்தைப் பிரிச்சுக்கிட்டு இணையத்திலே ஒத்துப் பார்த்தாங்க. பட்டம் போச்சு, மார்ச் 1-ஆம் தேதி பதவியும் போச்சு. அந்த ஆய்வேட்டுக்குப் பல்கலைக்கழகம் முன்னாலே என்ன தரம் கொடுத்திருந்தது தெரியுமா? இருக்கிறதிலேயே மிக உயர்ந்த தரம்! கொடுத்தது யாரு? மாணவனா? (கைதட்டல்) கண்டுபிடிச்சவர் என்ன மந்திரம் போட்டார்? ஒண்ணுமில்லே ஐயா. படிச்சார். அவ்வளவுதான்.

ரெண்டு வருஷம் கழிச்சு அதே நாட்டிலே, கல்வி அமைச்சரா இருந்த அம்மையார் ஷாவான் பட்டத்தையும் டுசல்டார்ஃப் பல்கலைக்கழகம் பறிச்சது. முன்னவர் செய்ததுக்குத் தான் வெட்கப்படறதா வெளிப்படையாச் சொன்னவங்க அந்த அம்மா. 1980-லே எழுதின ஆய்வேடு, 2013-லே வந்து நின்னுச்சு. தப்பு இல்லைன்னு கோர்ட் வரைக்கும் போனாங்க, பட்டம் திரும்பி வரலை.

இப்ப என் கதைக்கு வர்றேன்.

2006-லே எங்கிட்டே ஒரு பெண் எம்.ஃபில். படிச்சா. திருநெல்வேலி மாவட்டத்துப் பீடித் தொழிலாளிப் பெண்களைப் பத்தி ஆய்வு. நான் ஒரு பத்து வீடு பார்த்தா போதும்னேன். அவ கேக்கலை. முக்கூடல் பக்கம் தெருத்தெருவாப் போய் உட்கார்ந்தா. மடியிலே முறத்தை வெச்சுக்கிட்டு இலை வெட்டி, தூள் வெச்சு, சுத்தி, நூல் கட்டற பெண்கள்கிட்டே, ஆயிரம் பீடிக்கு என்ன கூலி, எத்தனை பீடியைக் கழிச்சுத் தள்ளுறான், இலை பத்தாம போனா யார் காசுன்னு கேட்டுக் கேட்டு எழுதினா. ஒரு பாட்டியைப் பத்தி எழுதியிருப்பா. கண்ணு மங்கிப் போச்சு, எதிர்லே நிக்கிற பேத்தி தெரியலை, விரல் மட்டும் பழக்கத்திலே சுத்திக்கிட்டே இருக்கு. நல்ல ஏடு. நான் கையெழுத்துப் போட்டேன்.

2013. எங்கிட்டே பிஎச்.டி. செஞ்ச இன்னொருத்தர் ஆய்வேட்டைக் கொண்டு வந்தார். வேலை பார்த்துக்கிட்டே படிச்சவர், ரெண்டு குழந்தைங்க. அந்த மாசம் என் மகள் கல்யாணம். கூடத்திலே பத்திரிகைக் கட்டு, அதுக்குப் பக்கத்திலே அஞ்சு பிரதி ஆய்வேடு. முதல் இயலைப் படிச்சேன். முடிவுரையைப் படிச்சேன். நடுவிலே இருந்ததை... ஐயா, பொய் சொல்ல மாட்டேன், புரட்டினேன். "இது இவருடைய சொந்த முயற்சியில் உருவானது எனச் சான்றளிக்கிறேன்." அஞ்சு பிரதியிலேயும் கையெழுத்து. பேனாவை மூடிட்டு, பந்தி இலைக்குச் சொல்லியாச்சான்னு கேக்கப் போயிட்டேன்.

2016-லே அந்தப் பெண் வந்தா. மேஜை மேலே ரெண்டு புத்தகத்தை வெச்சா. ஒண்ணு அவளுது, இன்னொண்ணு அவருது. மூணாம் இயல், இருபத்தெட்டுப் பக்கம், அப்படியே. அந்தப் பாட்டி இருக்கா! "ஆய்வாளர் நேரில் கண்டார்"னு இருக்கு. அந்த மனுஷன் முக்கூடலுக்குப் போனதே இல்லை. அப்புறம் ஒரு அட்டவணையைக் காட்டினா. சதவீதமெல்லாம் கூட்டினா நூறு வரணும். அவ கணக்கிலே எங்கேயோ தப்பு, தொண்ணூத்தேழு வருது. அவர் ஏட்டிலேயும் தொண்ணூத்தேழு!

அவ கோபமாப் பேசலை. "மேடம், ரெண்டையும் படிச்சது நீங்கதானே?"ன்னா.

(அரங்கில் அமைதி)

அந்தத் தொண்ணூத்தேழை 2006-லேயும் நான் பார்க்கலை, 2013-லேயும் பார்க்கலை. அதுக்கு நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? "அவருக்கு ரெண்டு குழந்தைங்கம்மா, வேலை போயிடும். நீதான் விஷயம் தெரிஞ்சவளாச்சே, இன்னும் நல்லா எழுதிக்கலாம், விட்டுடு." அவ ரெண்டு புத்தகத்தையும் எடுத்துப் பையிலே வெச்சுக்கிட்டுப் போயிட்டா. குழந்தைங்க பேரைச் சொன்னேனே, நிஜமா நான் காப்பாத்தினது யாரை? என் கையெழுத்தை.

நடுவர்: அம்மா, நேரத்தையும் கொஞ்சம் பார்த்துக்குங்க. ஆனா நிறுத்திடாதீங்க. (சிரிப்பு)

இதோ ஐயா, கொஞ்ச நேரம். புகார் கொடுக்கிறது சாதாரண விஷயமில்லே. உத்தராகண்டிலே குமாவுன் பல்கலைக்கழகத்திலே 2002-லே துணைவேந்தர் மேலேயே இந்தப் புகார் வந்தது. அமெரிக்காவிலே ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்து இயற்பியல் கட்டுரையை எடுத்தாண்டுட்டார்னு. அதை வெளியே சொன்ன பேராசிரியை மேலேதான் முதல்லே நடவடிக்கை பாய்ஞ்சது. ஸ்டான்போர்டிலேர்ந்து இயற்பியல் அறிஞர்கள் ஏழு பேர் நம்ம ஜனாதிபதி அப்துல் கலாமுக்குக் கடிதம் எழுதினாங்க. விசாரணை வெச்சாங்க, குற்றம் உறுதியாச்சு, 2003-லே துணைவேந்தர் பதவி விலகினார். பேராசிரியைக்கே அந்தக் கதின்னா, எங்கிட்டே வந்த அந்தப் பெண்ணுக்கு யார் இருக்கா? நான் இருந்திருக்கணும்.

இப்ப கேளுங்க. 2019-லே அவ வேறொரு பல்கலைக்கழகத்திலே, அதே பீடித் தொழிலை வெச்சு, தன் பழைய வேலையை விரிச்சு பிஎச்.டி. எழுதி முடிச்சா. எம்.ஃபில்லிலேர்ந்து எடுத்த பகுதி எதுன்னு முன்னுரையிலேயே ஒழுங்காக் குறிப்பும் போட்டிருக்கா. ஏட்டைக் கம்ப்யூட்டர்லே போட்டுச் சோதிச்சாங்க. 34 சதவீதம் ஒத்துப்போகுதுன்னு வந்தது. யாரோட? அவரோட ஆய்வேட்டோட! அவர் ஏடு 'சோத்கங்கா'ன்னு இந்தியா பூராவும் இருக்கிற பிஎச்.டி. ஏடுகளைச் சேர்த்து வைக்கிற இணையக் களஞ்சியத்திலே இருக்கு. இவளோட எம்.ஃபில். எங்க கல்லூரி நூலகத்து அலமாரியிலே தூசியிலே இருக்கு. இயந்திரத்துக்கு என்ன தெரியும்? எது இணையத்திலே இருக்கோ அது அசல், அப்புறம் வந்தவ திருடி!

விதிப்படி பத்து சதவீதம் வரைக்கும் தண்டனை இல்லே. பத்திலேர்ந்து நாப்பது வரைக்கும் இருந்தா, ஆறு மாசத்துக்குள்ளே திருத்தி எழுதிக் கொடுக்கணும். நாப்பதுக்கு மேலே அறுபது வரைக்கும், ஒரு வருஷம் ஏடே கொடுக்க முடியாது. அறுபதைத் தாண்டினா பதிவே ரத்து. இவளுக்கு 34. தன் சொந்த எழுத்தைத் தானே அழிச்சுத் திருத்திக் கொடுக்கணும்! நான் "விட்டுடு"ன்னு சொன்னதோட வட்டி அது.

அவ எனக்கு ஃபோன் பண்ணலை. அவ தோழி பண்ணினா. நான் அப்ப ஓய்வு பெற்று ரெண்டு வருஷம் ஆச்சு. எங்க கல்லூரி நூலகத்துக்குப் போய், 2006-ஆம் வருஷத்து முத்திரை இருக்கிற அந்தப் பிரதியை எடுத்துக்கிட்டு, ரயிலேறி அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். மேஜையிலே வெச்சு, தேதியைப் பாருங்க, எது அசல் எது நகல்னு நீங்களே சொல்லுங்கன்னேன். அவ வழிகாட்டி நல்ல மனுஷி. ஏட்டையும் இதையும் ராத்திரி பூரா உட்கார்ந்து ஒத்துப் பார்த்தாங்க. அந்த அம்மா முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமா இருந்தது.

அந்தப் பெண்ணோட ஏடு காப்பாத்தப்பட்டது. (கைதட்டல்) கை தட்டாதீங்க, இன்னும் முடியலை.

அவருக்குப் பட்டம் கொடுத்த பல்கலைக்கழகத்துக்குப் புகார் எழுதினேன். வீட்டிலே பார்க்கிற பிள்ளைகளுக்காகச் சொல்றேன், யாருக்காவது இப்படி நடந்தா எப்படி எழுதணும்னு. "அவன் திருடன்"னு ஒரு வரிகூட எழுதாதீங்க. ஒரு பக்கம் அசல், ஒரு பக்கம் நகல், பக்க எண்ணோட, தேதியோட. அதுவே பேசும். துறை அளவிலே ஒரு குழு இருக்கு, நிறுவன அளவிலே ஒரு குழு இருக்கு. புகார் வந்து 45 நாளுக்குள்ளே துறைக் குழு அறிக்கை கொடுக்கணும், அப்புறம் நிறுவனக் குழுவுக்கு இன்னொரு 45 நாள். குற்றம் சாட்டப்பட்டவரையும் கூப்பிட்டுக் கேக்கணும். அதுதான் நியாயம். பட்டம் வாங்கின பிறகு தெரிஞ்சாலும், அந்தப் பட்டத்தை நிறுத்தி வைக்க விதியிலே இடம் இருக்கு. மொட்டைக் கடிதாசி வேண்டாம். நகல் ஒண்ணு உங்க கையிலே இருக்கட்டும்.

எதிரணித் தம்பி, "இனிமே செயற்கை நுண்ணறிவு வந்தாச்சு, மாணவன் ஒரு பொத்தானை அமுக்கினா கட்டுரை வருது, ஆசிரியர் என்ன செய்வார்?"னு கேட்டாரே. அது இல்லாத புத்தகத்தை இருக்குன்னு சொல்லி, பக்க எண்ணும் சேர்த்துக் கொடுக்குது தம்பி! அந்தப் புத்தகத்தைத் தேடிப் பார்க்கிற ஆசிரியர் இருந்தா அன்னிக்கே மாட்டிக்குவான். மாணவன் மாசாமாசம் எழுதினதைக் கொண்டுவா, குறிப்பு நோட்டைக் காட்டு, இந்த வரி எங்கேர்ந்து வந்ததுன்னு சொல்லுன்னு எதிர்லே உட்கார வெச்சுக் கேட்டா, எந்தப் பொத்தானும் பதில் சொல்லாது. குறிப்பு எடுக்கிறதுக்கும் ஒரு முறை இருக்கு. படி, புத்தகத்தை மூடு, உன் வார்த்தையிலே எழுது, திறந்து சரிபார், பேரும் பக்கமும் உடனே போடு. அப்படியே எடுத்தா மேற்கோள் குறி போடு. பத்து நிமிஷப் பாடம். முப்பத்தோரு வருஷத்திலே நான் இதை ஒரு தடவைகூட முழுசா நடத்தலை.

அந்த விசாரணைக் குழு முன்னாலே அவரும் வந்திருந்தார். என்னைப் பார்த்து, "மேடம், நீங்க ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னிக்கே மாத்தியிருப்பேனே"ன்னார். செஞ்ச தப்புக்கு அது சமாதானம் ஆகாது, அவர் தப்பு தப்புதான். ஆனா அந்த வாக்கியத்திலே பொய் இல்லே ஐயா.

குழுத் தலைவர் என்னைக் கேட்டார், "ரெண்டு ஏட்டுக்கும் வழிகாட்டி நீங்க. எப்படிக் கவனிக்காம விட்டீங்க?" கல்யாணம்னு சொல்லலாமா, வேலைப் பளுன்னு சொல்லலாமான்னு மனசு தேடுச்சு. அப்புறம், "நான் படிக்கலை"ன்னு சொன்னேன். அதை அப்படியே எழுதிக்கட்டுமான்னு கேட்டார். எழுதுங்கன்னேன்.

தட்டச்சு பண்ணி நாலு பக்கம் கொண்டுவந்து வெச்சாங்க. "அம்மா, கடைசிப் பக்கத்திலே மட்டும் கையெழுத்துப் போட்டா போதும், நீங்க சொன்னதுதான், நேரமாச்சு"ன்னு குமாஸ்தா பேனாவை நீட்டினார். நான் கண்ணாடியை மாட்டிக்கிட்டு, முதல் பக்கத்திலேர்ந்து படிக்க ஆரம்பிச்சேன்.

(நீண்ட கைதட்டல்)